மஞ்சள் முள்ளுப்பழப் புதர்: வெட்டுவதா, விடுவதா?

கட்டபெட்டு எழுதியது:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அதில் ஓடையை ஒட்டிய பாதியை ஆறு வருடமாகக் கவ்வாத்து செய்ய ஆள் இல்லாமல் விட்டுவிட்டோம். தேயிலை மரமாகிவிட்டது, நடுவில் முள்ளுப்பழப் புதர் அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் போகிற வழியில் பாவாடை கிழியக் கிழியப் பறித்துத் தின்ற அதே மஞ்சள் பழம்தான்.

அந்தத் துண்டை இனித் தேயிலைக்குத் திருப்பும் எண்ணம் இல்லை. சோலை மரங்கள் நட்டு விட்டுவிடலாம் என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். பார்க்க வந்த இரண்டு நண்பர்களில் ஒருவர், "முதலில் இந்த முள்ளுப் புதரை வேரோடு பிடுங்குங்கள், உலகத்தின் மிக மோசமான 100 அந்நிய இனங்களின் பட்டியலில் இது இருக்கிறது" என்று போனில் எடுத்துக் காட்டினார். பட்டியலில் இருப்பது உண்மைதான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க பாட்டி காலத்திலிருந்து இங்கே இருக்கிற செடி எப்படி அந்நியம் ஆகும்?" என்கிறார்.

யார் சொல்வது சரி? ஓடைக்கு மேல்புறம் கறுப்பாகப் பழுக்கும் இன்னொன்றும் இருக்கிறது. அதுவும் இதே செடிதானா?

தாவரப்பித்து எழுதியது:

பெயரை உறுதி செய்துகொண்டு பேசுவோம் தங்கச்சி. நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு காம்பில் எத்தனை சிற்றிலை? இலையின் பின்பக்கம் என்ன நிறம்? தண்டில் முள்ளைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பழத்தைப் பறித்தால் உள்ளே குழியாக இருக்கிறதா, இல்லை வெள்ளைத் தண்டு போல ஏதாவது சேர்ந்து வருகிறதா? பூ இருந்தால் அதன் நிறமும்.

கட்டபெட்டு எழுதியது:

இன்று காலை மழை விட்டதும் போய்ப் பார்த்தேன் அண்ணா.

மஞ்சள் பழம்: மூன்று சிற்றிலை, நடுவில் உள்ளது பெரியது. தண்டு முழுக்கச் செம்பழுப்பு ரோமம், அதற்குள் கொக்கி முள். பூ வெள்ளை. பழம் தொப்பி மாதிரி கழன்று வருகிறது, உள்ளே குழி.

கறுப்புப் பழம்: ஏழு சிற்றிலை, சிலதில் ஐந்து. இலையைத் திருப்பினால் வெள்ளை. இளந்தண்டில் சுண்ணாம்பு பூசியது போல வெண்மை, தேய்த்தால் போகிறது. பூ ரோஜா நிறம். பழம் முதலில் சிவந்து, பிறகு கறுக்கிறது, மேலே சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய ரோமம். இதுவும் உள்ளே குழிதான்.

தாவரப்பித்து எழுதியது:

இவ்வளவு தெளிவாகச் சொன்னால் படமே தேவையில்லை.

மஞ்சள் பழத்தின் தாவரவியல் பெயர் ரூபஸ் எலிப்டிகஸ். இமயமலை அடிவாரத்திலிருந்து தென்சீனா வரைக்கும், தெற்கே நம் மலைகளிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது. குமாவுன் மலையில் ஹிசாலு, நேபாளத்தில் ஐன்சேலு. அங்கேயும் பிள்ளைகள் பள்ளிக்கூட வழியில் பறித்துத் தின்பதுதான். கறுப்புப் பழம் ரூபஸ் நிவியஸ், ஆங்கிலத்தில் மைசூர் ராஸ்பெரி என்பது இதைத்தான். நிவியஸ் என்றால் பனி போன்றது, அந்த வெள்ளை இலைப்புறத்துக்காக வைத்த பெயர். பழைய புத்தகங்களில் லாசியோகார்பஸ் என்று இருக்கும், கம்பளிப் பழம் என்று அர்த்தம். நீங்கள் பார்த்த சாம்பல் ரோமம்தான் அது. இரண்டுமே இந்த மலைக்குச் சொந்தமானவை. அம்மா சொன்னதில் தவறில்லை.

உள்ளே குழியா என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. ரூபஸ் என்ற இந்தப் பேரினத்துப் பூவின் நடுவில் ஒரு சின்ன மேடு, அதைச் சுற்றி நிறைய சூலகங்கள். ஒவ்வொரு சூலகமும் ஒரு மணியாகிறது. பழுத்ததும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேட்டைச் செடியிலேயே விட்டுவிட்டுத் தொப்பியாகக் கழன்றால் அது ராஸ்பெரிக் கூட்டம். மேடும் பழத்தோடு சேர்ந்து வந்தால் பிளாக்பெரிக் கூட்டம். நிறம் கணக்கில் வராது. உங்கள் கறுப்புப் பழமும் ராஸ்பெரிதான்.

அந்த மணி ஒன்றைப் பிதுக்கிப் பாருங்கள். தோல், சதை, கல் போன்ற ஓடு, அதற்குள் விதை. ஒரு மாம்பழத்தில் இருக்கிற அத்தனையும் மிளகு அளவில் இருக்கும். ஒரு சூலகத்துக்கு மகரந்தம் சேரவில்லை என்றால் அந்த மணி மட்டும் உருவாகாது, பழம் கையில் எடுத்ததும் உதிரும். உங்கள் புதரில் பழம் முழுசாக, கெட்டியாக இருந்தால் தேனீ நடமாட்டம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூணாவது கொண்டை ஊசி எழுதியது:

சந்தேகம். எங்கள் வீட்டு மல்பெரியும் மணி மணியாகத்தானே இருக்கிறது? அதுவும் இந்தக் குடும்பமா?

தாவரப்பித்து எழுதியது:

இல்லை. ரூபஸ் ரோஜாக் குடும்பம், மல்பெரி ஆலும் அத்தியும் சேர்ந்த குடும்பம். ரூபஸில் ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்து ஒரு பழம். பள்ளிப் புத்தகத்தில் திரள்கனி என்று படித்திருப்பீர்கள், சீத்தாப்பழம் மாதிரி. மல்பெரியில் ஒவ்வொரு மணியும் தனித்தனிப் பூ. அது கூட்டுக்கனி, பலாப்பழத்தின் தம்பி. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வந்த வழி வேறு. சரியான தாவரவியல் கணக்கில் 'பெரி' என்பது தக்காளி, கத்திரிக்காய் போன்றவைதான்.

முள்ளையும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை முள் தண்டின் மாற்றம். இலந்தை, கருவேல முள் இலையடிச் செதிலின் மாற்றம். அவற்றுக்குள் நரம்பு ஓடும், எளிதில் ஒடியாது. ரோஜாவிலும் முள்ளுப்பழத்திலும் இருப்பது தோலின் வளர்ச்சி மட்டும்தான், பக்கவாட்டில் கட்டைவிரலால் தள்ளினால் பெயர்ந்துவிடும். கொக்கி கீழ்நோக்கி வளைந்திருப்பதால் மற்ற செடிகளைப் பிடித்து மேலே ஏறவும் உதவுகிறது. மாட்டிக்கொண்டால் பின்னால் இழுக்காதீர்கள், முன்னால் ஒரு அடி வைத்தால் தானாக விடும்.

சோலைக்குருவி எழுதியது:

அந்த 100 பட்டியல் பற்றி நான் சொல்கிறேன், இதனால் பல இடங்களில் தேவையில்லாத வெட்டு நடக்கிறது.

அது இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.யூ.சி.என்.-இன் ஊடுருவும் இனங்கள் வல்லுநர் குழு 2000-இல் வெளியிட்டது. தான் பிறந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கேடு செய்த இனங்களின் எடுத்துக்காட்டுப் பட்டியல். நம் ஊர் மைனா அதில் இருக்கிறது. செம்புழைச் சின்னான் என்ற குருவி இருக்கிறது. மாதவிக்கொடி என்று கொண்டாடுகிற குருக்கத்தியும் இருக்கிறது, ரீயூனியன் தீவிலும் மொரீஷியஸிலும் அது காட்டையே மூடுகிறது. அதற்காக இங்கே மைனாவை விரட்டுவோமா?

அதே பட்டியலில் உண்ணிச்செடி இருக்கிறது, சீகை என்று நாம் சொல்கிற வாட்டில் மரம் இருக்கிறது, ஊட்டிப் பக்கம் மஞ்சளாகப் பூக்கிற கோர்ஸ் முட்புதர் இருக்கிறது. இந்த மூன்றும் நம் மலைக்கு வெளியிலிருந்து வந்தவை, இங்கே பெரிய சேதம் செய்தவை. ஒரே தாளில் நம் சொந்தச் செடியும் நமக்கு வந்த அந்நியரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

மஞ்சள் முள்ளுப்பழம் அதில் சேர்ந்தது ஹவாய் தீவில் செய்ததற்காக. 1960-களின் தொடக்கத்தில் எரிமலைப் பூங்காவை ஒட்டிய வோல்கனோ ஊரில் அது வந்து சேர்ந்தது. ஈரக்காட்டுக்குள் ஆள் உயரத்தைத் தாண்டிய முட்சுவராக நின்றுவிட்டது. அங்கே ஹவாய்க்கே உரிய ஒரு ராஸ்பெரி இருக்கிறது, பெயர் ஆகாலா. பழம் பெரியது, முள் ஏறக்குறைய இல்லை. அந்தத் தீவுகளில் இயற்கையாக இருந்த தரைவாழ் பாலூட்டி வௌவால் மட்டும்தான், இலை மேய வருகிற மானோ மாடோ கிடையாது. யாருக்காக முள் வளர்க்க வேண்டும்? அப்படி வாழ்ந்த காட்டுக்குள் இமயத்து முள்ளோடு ஒன்று நுழைந்தால் அதைத் தடுக்க ஆளில்லை. பழத்தைத் தின்று விதை பரப்ப மட்டும் வெளியிலிருந்து வந்த பறவைகளும் பன்றிகளும் இருந்தன.

உங்கள் கறுப்புப் பழம் செய்தது இன்னும் வேதனையானது. காலபகோஸ் தீவுகளுக்கு 1980-களில் பழத்துக்காகக் கொண்டுபோனார்கள். அங்கே சாந்தா குரூஸ் தீவின் மேட்டுப் பகுதியில் ஸ்கேலேசியா என்ற மரக்காடு இருக்கிறது. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி அங்கே மரமாகவே உயர்ந்து நிற்கிறது, காலபகோஸைத் தவிர உலகில் வேறெங்கும் ஸ்கேலேசியா இல்லை. அந்த மரங்களுக்கு ஆயுள் குறைவு, விழுந்த இடத்தில் வெளிச்சம் பட்டால்தான் கன்று எழும்பும். அந்த வெளிச்சத்தை நம் மைசூர் ராஸ்பெரி மூடிவிடுகிறது. வெட்டினாலும் மண்ணுக்குள் இருக்கிற விதைகள் திரும்ப முளைக்கின்றன. சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்தார் வருடக்கணக்கில் இதோடு போராடுகிறார்கள்.

இங்கே அதே செடியை மாடு மேய்கிறது, இதனோடு சேர்ந்தே வளர்ந்த பூச்சிகளும் பூஞ்சைகளும் தின்கின்றன, மேலே மரம் ஓங்கினால் நிழலில் ஒடுங்கிப் போகிறது. தீவுக்குக் கொண்டுபோனவர்கள் செடியை மட்டும் கொண்டுபோனார்கள், அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களை இங்கேயே விட்டுவிட்டார்கள்.

பறவைகள் பக்கம்: செம்மீசைச் சின்னான் உங்கள் புதரில் நாள் முழுக்க இருக்கும். காலையில் ஓடைப் பக்கம் கலகலவென்று சத்தம் கேட்டால் நின்று பாருங்கள். நீலகிரிச் சிரிப்பானுக்கு இந்தப் பழமும் தவிட்டுப்பழமும் ரொம்பப் பிடித்த தீனி. அந்தப் பறவை உலகத்தில் நம் மலைப் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது.

நுவரெலியா நிலா எழுதியது:

எங்கட பக்கமும் இந்த மஞ்சள் பழம் தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் நிறைய இருக்கு. ஹோர்ட்டன் சமவெளியில அந்த கோர்ஸ் முட்செடிதான் பெரிய தலையிடி, அதை ஆட்கள் சேர்ந்து பிடுங்குறவை. முள் இருக்குது எண்டு இதையும் சேர்த்துப் பிடுங்கிப் போடுவினமோ எண்டு எனக்கும் பயம்தான். சோலைக்குருவி அண்ணா எழுதினதை இங்கத்தைய ஆட்களுக்குக் காட்டப் போறன்.

பழனிமலைச் சாரல் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் "நம் ஊர்ச் செடி, எங்கே வளர்ந்தாலும் நல்லது" என்று யாராவது எடுத்துக்கொண்டால் அதுவும் ஆபத்து. நான் கொடைக்கானல் பக்கம் புல்வெளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன். சோலை ஓரம் முள்ளுப்பழத்தின் இடம், மறுப்பில்லை. திறந்த புல்வெளி அதன் இடம் இல்லை. சீகையையும் பைனையும் வெட்டி எடுத்த இடத்தில் மண் கலைந்து கிடக்கும்போது, புல் வருமுன் இது வந்து உட்கார்ந்துவிடுகிறது. வரையாட்டுக்கும் நீலகிரி நெட்டைக்காலிக் குருவிக்கும் வேண்டியது புல். அங்கே நான் வெட்டத்தான் செய்கிறேன், வெட்டுவதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மலையில் மரம் நட்டால் நல்லது என்ற எண்ணமே இப்படித்தான் பல புல்வெளிகளைத் தின்றது. கட்டபெட்டு, உங்கள் இடம் முன்பு சோலையா, புல்வெளியா என்று பெரியவர்களிடம் கேட்டீர்களா?

கட்டபெட்டு எழுதியது:

கேட்டேன் சார். ஓடை ஓரமாதலால் தேயிலை போடுமுன் சோலைதான் இருந்ததாம். இன்னமும் ஓடைத் திருப்பத்தில் விக்கிப்பழ மரம் ஒன்றும் காட்டு நாவல் இரண்டும் நிற்கின்றன.

பச்சைக்கொழுந்து எழுதியது:

பறவை, பூ எல்லாம் எழுதுகிறீர்கள். கரடியைப் பற்றி யாரும் எழுதவில்லையே? நானும் கோத்தகிரிதான். கவனிக்காத தேயிலையில் புதர் மண்டினால் கரடியும் காட்டுப்பன்றியும் பகலில் அதில்தான் படுக்கும். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் அந்தப் பாதையில்தான் நடக்க வேண்டும். போன வருடம் எங்கள் பக்கத்து வரிசையில் ஒரு அக்கா கரடிக்கு முன்னால் பத்தடியில் நின்றுவிட்டார். தப்பித்தது தெய்வாதீனம். காடு வளர்க்கிற ஆசை உங்களுக்கு இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டீர்களா?

இன்னொன்று. இதை வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வரும். நான் மூன்று வருடம் வெட்டிப் பார்த்தவன்.

சோலைக்குருவி எழுதியது:

பச்சைக்கொழுந்து சொல்வது முழுக்க நியாயம். அதை முதலிலேயே எழுதாமல் விட்டது என் பிழை. பாதையை ஒட்டி, வீட்டை ஒட்டி அடர்த்தியான புதர் இருக்கக் கூடாது.

தாவரப்பித்து எழுதியது:

ஏன் இரண்டு மடங்காக வருகிறது என்பது செடியின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும் அண்ணே. முள்ளுப்பழத்தின் வேர்தான் பல வருடம் இருப்பது. மேலே தெரிகிற கழிகளுக்கு ஆயுள் ஏறக்குறைய இரண்டு வருடம். முதல் வருடம் ஒரு கழி நீளமாக வளர்ந்து வளைகிறது, பூப்பதில்லை. இரண்டாம் வருடம் பக்கத்தில் சிறு கிளை விட்டுப் பூத்துக் காய்த்து, பிறகு காய்ந்துபோகிறது. அதற்குள் அடியிலிருந்து புதுக்கழி எழும்பியிருக்கும். நம் மிதமான மலைக்குளிரில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆனால் ஒழுங்கு இதுதான்.

கழியை மட்டும் வெட்டினால் வேரில் சேர்த்து வைத்த சத்தெல்லாம் புதுக்கழிகளுக்குப் போகிறது. மஞ்சள் பழச்செடி தரைக்குள் பக்கவேரிலிருந்தும் கன்று விடும். வெட்டியதை அங்கேயே போட்டால் வளைந்த நுனி மண்ணில் பட்டு வேர் பிடிப்பதும் உண்டு, கறுப்புப் பழத்தில் இதைப் பார்க்கலாம். எடுக்க வேண்டிய இடத்தில் நன்றாக மழை பெய்து மண் இளகியபின் வேர்க்கட்டையோடு கடப்பாரையால் பெயர்த்து, அடுத்த இரண்டு பருவம் முளைப்பதைக் கையால் பிடுங்க வேண்டும். விட்டு வைக்கிற இடத்தில் காய்த்து முடிந்த பழைய கழிகளை மட்டும் எடுத்தால் போதும். புதர் விரிந்து காற்றோட்டமாக இருக்கும், உள்ளே என்ன படுத்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். பழமும் அதிகம் கிடைக்கும்.

ஓரிகன் தமிழன் எழுதியது:

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரே ஆச்சரியம். இங்கே போர்ட்லாந்து பக்கம் ஆற்றங்கரை, ரயில் பாதை ஓரம் எங்கும் "இமாலயன் பிளாக்பெரி" என்று ஒரு முட்புதர். வார இறுதியில் தன்னார்வலர்களோடு போய் வெட்டுகிறேன். நம் ஊர்ச் செடி இங்கே வந்து இப்படிச் செய்கிறதே என்று மனம் கூசும். அதுவும் நீங்கள் பேசும் செடியா?

தாவரப்பித்து எழுதியது:

இல்லை, அதற்கும் இமயமலைக்கும் சம்பந்தமே இல்லை! அது ரூபஸ் ஆர்மேனியாகஸ், காக்கசஸ் மலைப் பக்கத்துச் செடி. கலிபோர்னியாவில் செடி வளர்த்து விற்ற லூதர் பர்பாங்க் தனக்கு இந்தியாவிலிருந்து வந்த விதை என்று நம்பி, 1885-இல் "ஹிமாலயா ஜயன்ட்" என்று பெயர் வைத்து விற்றார். பெயர் நிலைத்துவிட்டது. நிம்மதியாக வெட்டுங்கள்.

பறித்துப் பாருங்கள், உள்மேடு பழத்தோடு சேர்ந்து வரும். அது உண்மையான பிளாக்பெரி. அந்தக் கூட்டத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. பெரும்பாலானவை கருவுறாமலே விதை உண்டாக்குகின்றன. மகரந்தம் வந்தால்தான் விதைக்கு உணவு திரளும், ஆனால் உள்ளே இருக்கிற கரு தாயின் அச்சு நகல். எப்போதாவது இரண்டு வகைகள் கலந்து ஒரு புதுக்கலப்பு பிறந்தால், அது அப்படியே மாறாமல் தலைமுறை தலைமுறையாக நகலெடுத்துக்கொண்டு போகும். பிரிட்டனில் மட்டும் இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட நுண்ணினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ரூபஸ் முட்புதர்களை மட்டும் படிப்பதற்கு 'பேட்டாலஜி' என்று தனித் துறைப் பெயரே இருக்கிறது.

இது வெறும் பெயர் விளையாட்டில்லை. ஆஸ்திரேலியாவில் பிளாக்பெரியை அடக்க 1991-இல் ஒரு துருநோய்ப் பூஞ்சையை அதிகாரபூர்வமாக விட்டார்கள். சில நகல் வகைகள் நோயில் இலை உதிர்த்தன, சில வகைகள் அசையவே இல்லை. எந்த வகை எங்கே நிற்கிறது என்று பிரித்தறியத் தெரிந்தவர்கள் அப்போதுதான் தேவைப்பட்டார்கள்.

மூணாவது கொண்டை ஊசி எழுதியது:

கடைசியாக ஒன்று. எங்கள் வீடு மேட்டுப்பாளையத்தில். அங்கே இதை வளர்க்க முடியுமா?

தாவரப்பித்து எழுதியது:

மஞ்சள் பழம் வேண்டாம், வெயிலில் தாங்காது. கறுப்புப் பழம் முயன்று பார்க்கலாம், குளிர் இல்லாத தெற்கு ஃபுளோரிடாவில் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்திருக்கிறார்கள். பிற்பகல் நிழல், ஈரம் காக்கும் மூடாக்கு வேண்டும். காட்டிலிருந்து பிடுங்காதீர்கள், வனத்துறை நிலத்தில் அது குற்றம்.

கட்டபெட்டு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். கொழுந்து சீசன்.

பச்சைக்கொழுந்து அண்ணா சொன்னபடி பக்கத்துத் தோட்டத்தில் பறிக்கிற அக்காக்களிடம் பேசினேன். பாதையிலிருந்து பதினைந்து அடி வரை அவர்கள் கை காட்டிய இடமெல்லாம் புதரை வேரோடு எடுத்துவிட்டோம். மழை நாளில் கடப்பாரை நன்றாகவே இறங்கியது. அம்மாவுக்குக் கை முழுக்கக் கீறல், ஆனால் முன்னால் ஒரு அடி வைக்கிற வித்தையை இப்போது எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்.

ஓடைப் பக்கம் பழைய கழிகளை மட்டும் எடுத்தோம். எடுக்கும்போதுதான் உள்ளே குனிந்து பார்த்தேன். வெளியே எங்கள் ஊர் மாடும் காட்டுமாடும் மேய்கிற இடத்தில் ஒரு மரக்கன்று இல்லை. ஒரே ஒரு முள்ளுப்பழப் புதருக்குள் முழங்கால் உயரத்தில் காட்டு நாவல் நான்கு, விக்கி ஒன்று, பெயர் தெரியாத கன்று மூன்று. யாரும் நட்டதில்லை. சின்னான் உட்கார்ந்து எச்சமிட்டிருக்க வேண்டும். வாங்கி வைத்திருந்த நாற்றுகளை வெட்டவெளியில் நடாமல் இந்தப் புதர்களின் ஓரத்தில் உள்தள்ளி நட்டிருக்கிறோம்.

உண்ணியையும் சீகைக் கன்றுகளையும் இந்த மாதம் பிடுங்குகிறோம். பெயர் தெரியாத அந்த மூன்றில் ஒன்றின் இலையைக் கசக்கினால் பட்டை வாசனை வருகிறது. தாவரப்பித்து அண்ணா, நாளை வெளிச்சத்தில் பார்த்து இலை நரம்பு எப்படி ஓடுகிறது என்று எழுதுகிறேன், பெயர் சொல்லுங்கள்.